பூசினால் பிழைப்பாய்!

ஃபோன் அலறியது.

இன்ஸ்பெக்டர் ஷபானா அப்போதுதான் டிபன் பாக்ஸைத் திறந்திருந்தாள். எலுமிச்சை சாதம். மேலே ஒரு அப்பளம்... நொறுங்கியிருந்தது.

ரிசீவரை எடுத்தாள்.

"மேடம்... நான் அலைவாசல் ரிசார்ட் மேனேஜர் அபிஷேக் பேசறேன். இங்க ஒரு கெஸ்ட்டுக்குச் சின்னப் பிரச்னை..."

"என்ன பிரச்னை?"

"செத்துட்டார் மேடம்!"

"சின்னப் பிரச்னைன்னீங்க?"

"மத்த கெஸ்ட்டுங்களுக்குத் தெரியாம பார்த்துக்கிட்டா சின்னதுதான் மேடம்..."

ஷபானா அப்பளத்தை மட்டும் வாயில் போட்டுக்கொண்டு டிபன் பாக்ஸை மூடினாள்.

"சதாசிவம்! ஜீப்பை எடுங்க!"

ஏட்டு சதாசிவம் பெஞ்சிலிருந்து எழுந்தார். ஓய்வு பெற அதிக நாள் இல்லாதவர். அவசரம் என்ற சொல்லை அவர் எப்போதோ கைவிட்டிருந்தார்.

"இன்னா மேடம்... கொலையா?"

"தெரியாது. ஆள் செத்திருக்கார்."

"கடலாண்ட வந்து ரூமுக்குள்ள சாவறான் பாரு... இன்னா ரசனை!"

ஜீப் கடற்கரைச் சாலையில் திரும்பியது.

*

ரிசார்ட்டின் வரவேற்பறையில் ஆளுயரக் கண்ணாடிச் சுவர் ஒன்று. அதில் தாமரைக் குளம். ஒவ்வொரு இதழும் பனி படிந்த மாதிரி வெளுத்து, அவ்வளவு அழகாய்!

"இதைச் செஞ்சவர்தான் மேடம் செத்துப்போனவர்," என்றான் அபிஷேக். "உப்பிலின்னு பேரு. படாளம் பக்கத்துல கண்ணாடில பூ வேலை பண்ற ஃபேக்டரி வெச்சிருக்கார். ஒரு இதழ் சரியா விழலைன்னு எங்க ஓனர் சொன்னார். அதைச் சரிபண்ணக் காலையில அவரே வந்தார். மச்சினனும் கூட வந்திருக்கார்."

"சரிபண்ணினாரா?"

"பண்ணிட்டார். அப்புறம் நெஞ்சு ஒரு மாதிரி இருக்குன்னார். ரூம் குடுத்தோம். படுத்தார். எழுந்திருக்கலை."

அறைக்குள் நுழைந்தாள்.

கட்டிலில் உப்பிலி. ஐம்பதைத் தாண்டிய வயசு. நெற்றியில் நாமம். தலையில் ஒரு முடி கூட இல்லை... விளக்கு வெளிச்சம் வழுக்கையில் பளபளத்தது. இடுப்பில் ரிசார்ட் துண்டு. பேன்ட் குளியலறை வாளியில் ஊறிக்கொண்டிருந்தது.

தரையில் சுவரோரமாய் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தான் ஓர் இளைஞன். மச்சினன் கிரிஷ்.

கட்டிலருகே டாக்டர் இனியன். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்காரர். அதற்கு முன்பு ஒரு கெமிக்கல் கம்பெனியில் டாக்டராக இருந்தவர். ரிசார்ட்காரர்கள் அவரைத்தான் முதலில் அழைத்திருந்தார்கள்.

"ஹார்ட் அட்டாக்னு எழுதிக் குடுங்கன்னு மேனேஜர் கேக்கறார்," என்றார் டாக்டர்.

"இல்லையா?"

"ஹார்ட் நின்னது நிஜம். அதுவா நிக்கலை மேடம். நிறுத்தியிருக்காங்க!"

"யாரு?"

டாக்டர் துண்டைச் சற்று விலக்கினார்.

இரண்டு தொடைகளிலும் உள்ளங்கை அகலத்துக்கு வெளுத்த புண். ஓரங்களில் நீலம். அதன் மேல் ஏதோ களிம்பு மினுமினுத்தது.

"ஹைட்ரோஃப்ளூரிக் ஆசிட். சுருக்கமா எச்.எஃப். கண்ணாடியில பூ வேலை பண்ண இதைத்தான் சிலர் யூஸ் பண்றாங்க. கண்ணாடியையே தின்னும்."

"ஆசிட் பட்டா அப்பவே அலறியிருக்க மாட்டாரா?"

"அதுதான் இதோட குணம். மத்த ஆசிட் பட்ட உடனே சுடும். நீங்க துள்ளுவீங்க, கழுவுவீங்க, பிழைப்பீங்க. இது கொஞ்சம் நீர்த்ததா இருந்தா, பட்டதே தெரியாது. தோல் வழியா உள்ள இறங்கும். ரத்தத்துல இருக்கற கால்சியத்தை எல்லாம் பிடிச்சுக்கும். கால்சியம் இல்லாம இதயம் அடிக்காது. சில மணி நேரம் கழிச்சு வலிக்க ஆரம்பிக்கும்... அப்ப லேட்!"

சதாசிவம் தன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

ஷபானா கிரிஷ் பக்கம் திரும்பினாள்.

"காலையில என்ன நடந்துச்சு?"

"மதுராந்தகத்துலேர்ந்து கிளம்பினோம் மேடம். நான்தான் ஓட்டினேன். ஆசிட் பாட்டிலை அத்திம்பேர் மடியில வெச்சுண்டார். பின்னாடி சீட் பூரா கண்ணாடி. ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல வண்டி குதிச்சுது. மூடி சரியா இல்லை போலிருக்கு... கொட்டிடுத்து."

"உடனே நிறுத்தினீங்களா?"

"நிறுத்தினேன். ஆஸ்பத்திரிக்குப் போலாம்னு சொன்னேன். அத்திம்பேர் சிரிச்சார். டேஷ்போர்டுலேர்ந்து டியூபை எடுத்துப் பூசிண்டார். 'மருந்து போட்டாச்சு, இனிமே ஒண்ணும் ஆகாது, வண்டிய எடு'ன்னார்."

"தண்ணியால கழுவலையா?" டாக்டர் கத்தினார்.

"இங்க வந்துதான் கழுவிண்டு, மறுபடியும் பூசிண்டார்..."

டாக்டர் நெற்றியில் அறைந்துகொண்டார்.

"பாட்டில் எங்க?"

"கார்ல."

எல்லோரும் வெளியே வந்தார்கள். காரின் முன் சீட்டுக்குக் கீழே ஒரு பிளாஸ்டிக் பாட்டில். பாதி நிறைந்திருந்தது. மேலே லேபிள்.

'சுத்தமான குடிநீர்.'

சதாசிவத்தின் கை தன்னிச்சையாய் நீண்டது.

"தொடாதீங்க!!"

டாக்டரின் அலறலில் இரண்டு காக்கைகள் பறந்தன.

"வெய்யில்ல வந்துகினு இருந்தமே... தாகமா கீதேன்னு..." சதாசிவம் வெளிறிப்போனார்.

"ஒரு மடக்கு குடிச்சிருந்தா உங்களுக்குத் தாகமே எடுக்காது!"

டாக்டர் தடிமனான ரப்பர் கையுறை போட்டுக்கொண்டு, பாட்டிலை நேராகத் தூக்கிப் பிளாஸ்டிக் வாளியில் நிறுத்தினார். பிறகு கேட்டார்.

"இந்த பாட்டிலை வேற யாராவது தொட்டீங்களா? வெறும் கையால... வெளிப்பக்கம் ஈரமா இருந்தாக்கூட ஆபத்து. இப்பவே சொல்லிடுங்க!"

கிரிஷ் ஷபானாவைப் பார்த்தான். அவள் தோளில் இருந்த நட்சத்திரங்களைப் பார்த்தான்.

"இல்லை டாக்டர்... நான் தொடவே இல்லை."

டேஷ்போர்டைத் திறந்தார்கள். டியூப் இருந்தது. 'கால்சியம் குளுக்கோனேட் ஜெல்' என்று அச்சாகியிருந்தது.

"இதுதான் சரியான மருந்து," என்றார் டாக்டர். "தண்ணி விட்டு நல்லாக் கழுவிட்டு இதைப் பூசிக்கிட்டே ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஆசிட் உடம்போட கால்சியத்தைப் பிடிக்கறதுக்கு முன்னாடி, இதுல இருக்கற கால்சியத்தைப் பிடிச்சுக்கும். ஆளை விட்டுடும்."

"அவர் பூசியிருக்காரே டாக்டர்?"

"அதான் எனக்கும் புரியலை. கழுவாதது தப்புதான். ஆனா இவ்வளவு பூசியும் இவ்வளவு வேகமாவா..."

டியூபை அழுத்தினார். விரலில் ஒரு துளி. முகர்ந்தார். முகம் மாறியது!

ஷபானாவைத் தனியாக அழைத்தார். சதாசிவமும் கூடவே போனார். தனியாக என்பது தன்னையும் சேர்த்துத்தான் என்பது அவர் கருத்து.

"மேடம்... மல்லிப்பூ வாசனை வருது!"

"வரக்கூடாதா?"

"கால்சியம் ஜெல்லுக்கு வாசனையே கிடையாது."

டாக்டர் தன் முன்நெற்றி முடியில் அதைத் தடவி மேல்நோக்கி இழுத்தார். முடி விறைப்பாய் நின்றது. கீழே இறங்கவே இல்லை.

"ஹேர் ஜெல்!"

மூவரும் நின்ற அந்த முடியையே பார்த்தார்கள்.

"இது நம்ம மூணு பேருக்குள்ள இருக்கட்டும்," என்றாள் ஷபானா. "டியூப் போலின்னு வெளியில ஒருத்தருக்கும் தெரியக் கூடாது."

"நீங்க மொதல்ல தலைய சீவுங்க டாக்டர்," என்றார் சதாசிவம்.

*

ஃபேக்டரி, படாளத்தைத் தாண்டி, ஜிஎஸ்டி ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி, நெல்வயல்களுக்கு நடுவில் இருந்தது. வாசலில் பெரிய பலகை.

'விபத்தில்லாத நாட்கள்: ஏராளம்.'

கிரிஷை வாக்குமூலம் எழுத ஸ்டேஷனுக்கு அனுப்பிவிட்டு, ஷபானா நேராக இங்கே வந்திருந்தாள்.

சூப்பர்வைசர் ஜெசிந்தா ஓடிவந்தாள். கெமிஸ்ட்ரி படித்தவள். முதலாளி இறந்த செய்தி அதற்குள் வந்திருந்தது. கண்கள் கலங்கியிருந்தன... ஆனால் அழுத மாதிரி தெரியவில்லை.

"முதலுதவிப் பெட்டி எங்க?"

"இதோ மேடம். பூட்டறதில்ல."

பெட்டி நிறைய டியூபுகள். எல்லாம் கால்சியம் ஜெல். ஷபானா ஒன்றை எடுத்துத் திருப்பினாள். வால் பக்கம் மடிப்பில் வரிவரியாகக் கீறல்கள். கட்டிங் பிளேயர் கடித்த தடம்!

அழுத்தினாள்.

மல்லிப்பூ.

இன்னொன்று. மல்லிப்பூ. அடுத்தது... மல்லிப்பூ!

"இதை யார் வாங்கிட்டு வருவாங்க ஜெசிந்தா?"

"சார்தான் மேடம். மருந்து விஷயம்னா வேற யாரையும் நம்ப மாட்டாரு. காலி டியூபைக்கூட குப்பையில போட விட மாட்டாரு. பிளாஸ்டிக் பூமிக்குக் கெடுதல்னு சொல்லித் திரும்ப வாங்கிப்பாரு."

"அவர் ரூமைக் காட்டுங்க."

மேஜையின் கீழ் அறையில் ஒரு கட்டிங் பிளேயர். பக்கத்தில் இரண்டு கிலோ ஹேர் ஜெல் டப்பா. சலூன்காரர்கள் வாங்கும் சைஸ்.

சதாசிவம் டப்பாவைப் பார்த்தார். சுவரில் தொங்கிய உப்பிலியின் ஃபோட்டோவைப் பார்த்தார். மறுபடி டப்பாவைப் பார்த்தார்.

"மேடம்... இந்த மண்டைக்கு எதுக்கு மேடம் ரெண்டு கிலோ?"

ஜெசிந்தாவுக்குப் புரிந்துவிட்டது. சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்போ... ரெபேக்காள்..."

"யார் ரெபேக்காள்?"

"இங்க ஸ்டென்சில் வெட்டற அக்கா மேடம். போன பொங்கலுக்கு முன்னாடி கையுறை கிழிஞ்சு ஆசிட் பட்டுடுச்சு. உடனே கழுவினோம். இந்த டியூபை எடுத்து நான்தான் பூசினேன். நான்தான் மேடம்! 'பூசியாச்சு, இனி பயமில்ல'ன்னு சொல்லி, ராத்திரி பூரா வலிக்குதுன்னவங்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பாம வெச்சிருந்தேன்."

"என்னாச்சு?"

"ரெண்டு விரலை எடுத்துட்டாங்க. சார் வந்து பார்த்துட்டு, 'லேட்டாப் பூசியிருக்கே, உன் அஜாக்கிரதை'ன்னு சொன்னாரு. அவங்களும் நம்பிட்டாங்க. நானும் நம்பிட்டேன்..."

இப்போது அழுதாள்.

ஷபானா அவளுக்கு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"முதலாளி இதே டியூபைத்தான் தனக்கும் வெச்சுப்பாரா?"

"இல்ல மேடம். அவர் கார்ல ஒண்ணு தனியா இருக்கும். அதை யாரும் எடுக்கக் கூடாது."

"ரெபேக்காளைப் பார்க்க வேற யாரும் வந்தாங்களா?"

"கோமளம் மேடம் வந்தாங்க. சாரோட சம்சாரம். பழமெல்லாம் வாங்கிட்டு வந்து ரொம்ப நேரம் கையைப் பிடிச்சிக்கிட்டு உக்கார்ந்திருந்தாங்க. நல்ல மனசு மேடம்."

"கிரிஷ் எப்படி?"

"அவர் ஆர்டர் பிடிக்கறவர். இங்க அதிகம் வர மாட்டாரு. சாருக்கும் அவருக்கும் போன வாரம் பெரிய சண்டை. ஆசிட் வேலைய நிறுத்திட்டு, மணல் அடிச்சுப் பூ வேலை பண்ற மெஷின் போடலாம்னு அவர் சொன்னாரு. சார் திட்டி அனுப்பிட்டாரு."

"நாங்க இங்க பார்த்ததை யாருக்கும் ஃபோன் பண்ணிச் சொல்லாதீங்க. மதுராந்தகம் வீட்டுக்கும்தான்."

ஜெசிந்தா தலையாட்டினாள்.

ஜீப்பில் ஏறியதும் சதாசிவம் ஆரம்பித்தார்.

"இன்னா மேடம் பேஜாரு இது! போலி மருந்து பண்ணவனே அதைப் பூசிகினு செத்திருக்கான்?"

"அதான் கேள்வி. அவருக்கு எது போலின்னு தெரியும். கார்ல நல்ல டியூப் இருக்குன்னு நம்பித்தான் ஆஸ்பத்திரிக்குப் போகாம இருந்திருக்கார். அந்த நல்ல டியூபை எடுத்துட்டு, யாரோ ஃபேக்டரி டியூபை வெச்சிருக்காங்க."

"கார் ஓட்டனது மச்சான். ஆசிட் கொட்டறாப்பல ஸ்பீட் பிரேக்கர்ல ஏத்தினதும் மச்சான். சண்டை போட்டதும் மச்சான்..."

"ஸ்டேஷனுக்கு விடுங்க!"

*

கடல் பக்கம் வெயில் தணிந்திருந்தது. ஸ்டேஷன் பெஞ்சில் கோமளம் உட்கார்ந்திருந்தாள். மெலிந்த உடம்பு. அரக்குப் புடவை. மடியில் கைப்பை. இரண்டு கையாலும் அதைப் பிடித்திருந்தாள். கண்ணில் ஈரமில்லை.

"அவரை எப்போ குடுப்பேள்?"

"போஸ்ட்மார்ட்டம் முடிஞ்சதும் தருவாங்கம்மா. கொஞ்சம் இருங்க."

எதிர் நாற்காலியில் கிரிஷ். வலது கையைத் தொடைகளுக்கு நடுவே இடுக்கிக்கொண்டிருந்தான். முகம் முழுக்க வியர்வை.

ஷபானா மேஜையில் சாய்ந்தாள்.

"கிரிஷ், உங்க அத்திம்பேரைக் கொன்னது யாரு?"

"கொலையா?! மேடம்... கொட்டினது தானா கொட்டித்து!"

"ஸ்பீட் பிரேக்கர் உங்களுக்குத் தெரியலையா?"

"அதுக்குப் பெயின்டே அடிக்கலை மேடம்!"

"அது நெசந்தான் மேடம்," என்றார் சதாசிவம். "போன வாரம் நானே விழுந்தேன்."

ஷபானா அவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"சண்டை எதுக்கு?"

"ஆசிட் வேண்டாம்னேன். அது தப்பா? அந்த ரெபேக்காளோட கையைப் பார்த்தப்புறம் நேக்குத் தூக்கமே வரலை மேடம்..." பல்லைக் கடித்தான். "ஸ்ஸ்..."

"என்ன?"

"ஒண்ணுமில்லை..."

"கையைக் காட்டுங்க!"

மெல்ல வெளியே எடுத்தான். மூன்று விரல்களின் நுனி வெளுத்து வீங்கியிருந்தது. நகங்களுக்கு அடியில் சாம்பல் நிறம்.

ஷபானா சட்டென்று நிமிர்ந்தாள்.

"பாட்டிலைத் தொட்டீங்களா?!"

"கொட்டினப்போ... அவர் மடியிலேர்ந்து நான்தான் எடுத்துக் கீழே வெச்சேன். சொன்னா என்மேல சந்தேகப்படுவேள்னு பயம். கர்ச்சீஃப்ல துடைச்சுண்டேன். மத்தியானம் வரைக்கும் ஒண்ணுமே இல்லை. இப்போ... நகத்துக்குள்ள ஆணி அடிக்கற மாதிரி... பரவாயில்லை மேடம், எங்கிட்ட மருந்து இருக்கு."

சட்டைப் பையிலிருந்து ஒரு டியூபை எடுத்தான்.

"ஃபேக்டரி டியூப். பத்திரத்துக்கு எப்பவும் ஒண்ணு வெச்சுண்டிருப்பேன்."

மூடியைத் திருகினான். மல்லிப்பூ வாசனை பரவியது...

'பூசாதே' என்று சொல்ல ஷபானா வாயைத் திறந்தாள்.

அதற்குள் கேட்டது அந்த அலறல்!

"பூசாதேடா!! அது வேண்டாம்டா கிரிஷ்!"

கோமளம்!

அதுவரை சிலை மாதிரி உட்கார்ந்திருந்தவள் பாய்ந்தாள். டியூபைத் தட்டிவிட்டாள். அது சுவரில் மோதிச் சதாசிவத்தின் காலடியில் விழுந்தது. தம்பியின் மணிக்கட்டைப் பிடித்து, கொல்லைப்புறக் குழாயடிக்குத் தரதரவென்று இழுத்துப் போனாள். குழாயை முழுசாகத் திறந்துவிட்டாள்.

"டாக்டர் இனியனுக்குப் போடுங்க சதாசிவம்! ஆம்புலன்ஸ்!"

ஸ்பீக்கரில் டாக்டர் கத்தினார். "கழுவிக்கிட்டே இருங்க! தண்ணிய நிறுத்தாதீங்க! நல்ல கால்சியம் ஜெல் எங்கயாவது கிடைக்குமான்னு பாருங்க! நான் கிளம்பிட்டேன்!"

"இந்த நேரத்துக்கு அதுக்கு எங்க மேடம் போறது?" சதாசிவம் கைகளைப் பிசைந்தார்.

"இங்க இருக்கு," என்றாள் கோமளம்.

தண்ணீர் சொட்டும் கையால் கைப்பையைத் திறந்தாள். ஒரு டியூபை எடுத்தாள். வால் மடிப்பு வழவழவென்றிருந்தது. கீறலே இல்லை. வாசனையும் இல்லை.

ஷபானா அவளையே பார்த்தாள்.

"கையுறை போட்டுக்கிட்டுத் தேய்க்கச் சொல்லுங்க! விடாமத் தேய்க்கணும்!" ஃபோனில் டாக்டர்.

சதாசிவம் ஜீப்பிலிருந்து ரப்பர் கையுறையைக் கொண்டுவந்தார். கோமளம் போட்டுக்கொண்டாள். தம்பியின் ஒவ்வொரு விரலையும் தேய்த்தாள். ஆம்புலன்ஸில் தேய்த்தாள். திருக்கழுக்குன்றம் மலை தாண்டும்போது தேய்த்தாள். செங்கல்பட்டு ஆஸ்பத்திரி வந்து அவன் கையை அவளிடமிருந்து பிரித்து வாங்க நர்ஸ் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

*

டாக்டர் இனியன் வெளியே வந்தார். முடி இப்போது படிந்திருந்தது.

"பிழைச்சுட்டான். இதயத்துடிப்பு கொஞ்சம் தடுமாறிச்சு. கால்சியம் ஏத்தறோம். விரலும் தப்பிச்சுடும்னு நினைக்கறேன். அந்த டியூபைப் பூசியிருந்தான்னா, வலி நிக்கும்னு இன்னும் கொஞ்சம் நேரம் உக்கார்ந்திருப்பான். அவங்க அத்திம்பேர் மாதிரியே."

கோமளம் கண்களை மூடித் திறந்தாள்.

வராந்தா பெஞ்சில் ஷபானா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். சதாசிவம் தூணில் சாய்ந்து நின்றார்.

"ஃபேக்டரி டியூப் போலின்னு நாங்க யார்கிட்டயும் சொல்லலையேம்மா."

"தெரியும்."

"கார்ல இருந்த நல்ல டியூபை எப்ப எடுத்தீங்க?"

"ரெபேக்காளைப் பார்த்துட்டு வந்த மறுநாள்." குரல் ஏறவில்லை, இறங்கவில்லை. "முதலாளி குடுத்த மருந்தைப் பூசினேனேம்மா, அப்புறமும் ஏன் இப்படி ஆச்சுன்னு அவ என்னைக் கேட்டா. ஆத்துக்கு வந்து அதையே நான் அவரைக் கேட்டேன். சிரிச்சார். 'நிஜ மருந்து விக்கற விலைக்கு எல்லாருக்கும் வாங்கிக் கட்டுப்படியாகுமா? அதெல்லாம் இன்ஸ்பெக்ஷனுக்கு வர்றவன் பார்க்கறதுக்கு. நமக்கு நல்லது கார்ல இருக்கு, நீ கவலைப்படாதே'ன்னார்."

"போலீசுக்கு வந்திருக்கலாம்."

"வந்திருக்கணும். கட்டினவரைக் காட்டிக் குடுக்கறதான்னு ஒரு தயக்கம். அதுக்குப் பதிலா கார் டியூபை எடுத்துண்டு, ஃபேக்டரிப் பெட்டிலேர்ந்து ஒண்ணை வெச்சேன்."

"அவர் சாவார்னு தெரிஞ்சேவா?"

"அவர்மேல ஆசிட் படணும்னு நான் நெனைக்கலை. படாம இருக்கட்டும்னுதான் பெருமாளை சேவிச்சேன். பட்டா... அங்க வேலை செய்யறவா எல்லாருக்கும் என்னவோ, அதுதான் அவருக்கும். அவ்வளவுதான் நெனைச்சேன்."

நிமிர்ந்தாள்.

"என்ன செக்ஷன் போடுவேள் மேடம்? நான் விஷம் வைக்கலை. அவர் கையால பண்ணின மருந்தைத்தான் அவருக்கு வெச்சேன். ஃபேக்டரி பூராவுக்கும் நல்லதுன்னு அவரே சொன்னது, அவருக்கு மட்டும் எப்படிக் கெட்டதாச்சுன்னு கோர்ட்ல கேக்கட்டும்!"

இத்தனை வருஷ சர்வீஸில் இப்படி ஒரு கேள்வியை ஷபானா சந்தித்ததில்லை. சட்டப் புத்தகத்தில் தேடிப் பார்க்கலாம். கிடைக்கும் என்று தோன்றவில்லை.

"கேப்பாங்க," என்றாள். "ஒண்ணு மட்டும் சொல்லுங்க. அந்தப் போலி டியூபெல்லாம் பெட்டியிலயே இருந்துச்சு. உங்களுக்குத் தெரியும். இத்தனை மாசமா அவ்வளவு பேரும் அதை நம்பித்தான் வேலை செஞ்சாங்க. உங்க தம்பி சட்டைப் பையிலயும் ஒண்ணு இருந்துச்சு."

கோமளம் கைப்பையை இறுக்கிப் பிடித்தாள்.

"எல்லாருக்கும் என்னவோ அதுன்னு சொன்னேனே மேடம்... அந்த எல்லாருக்குள்ள அவனும் இருக்கான்னு... எனக்குத் தோணவே இல்லையே!"

அப்போதுதான் அழுதாள். புருஷன் செத்த செய்திக்கு வராத கண்ணீர், அணை திறந்த மாதிரி வந்தது. கைப்பை தரையில் விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

ஷபானா எடுத்தாள். பாதி தீர்ந்த அந்த நல்ல டியூபைக் கவருக்குள் போட்டு ஒட்டினாள். பிறகு கோமளத்தின் தோளில் கை வைத்தாள். ஆறுதலா, கைதா என்று பார்க்கிறவர்களுக்குத் தெரியாத மாதிரி.

இரண்டும்தான்.

"தம்பியை ஒரு தடவை பார்த்துட்டு வந்துடறேனே..."

"போயிட்டு வாங்க. நான் இங்கேயே இருக்கேன்."

கோமளம் உள்ளே போனாள். ஷபானா ஜெசிந்தாவை ஃபோனில் பிடித்து, பெட்டியிலிருந்த டியூபுகளைத் தனியாக மூட்டை கட்டி வைக்கச் சொன்னாள். ஃபேக்டரிக்குக் காலையில் சீல் வைக்க வேண்டும். ரெபேக்காளிடம் புது வாக்குமூலம் வாங்க வேண்டும். அது அவளுடைய அஜாக்கிரதை இல்லை என்று யாராவது அவளுக்குச் சொல்ல வேண்டும்... அதை முதலில்.

சதாசிவம் பெஞ்சில் உட்கார்ந்து, பேனா மூடியைக் கடித்தபடி ரிப்போர்ட் எழுத ஆரம்பித்தார்.

"அக்யூஸ்ட் நம்பர் ஒண்ணு யார் மேடம்?"

"உப்பிலி."

"செத்தது யாரு?"

"உப்பிலி."

"சர்தான். ரெண்டு எடத்துலயும் ஒரே பேரு, எழுதறது ஈஸி. ரெண்டாவது அக்யூஸ்ட்டு?"

ஷபானா மூடிய கதவைப் பார்த்தாள். அதன் பின்னால் அக்காவின் அழுகையும், 'அழாதேக்கா' என்கிற தம்பியின் குரலும் கேட்டன.

"கோமளம்," என்றாள் மெதுவாக.

சதாசிவம் எழுதினார். நிறுத்தினார். தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

"சாவுக்குக் காரணம்னு ஒரு கட்டம் கீது மேடம். ஒரே ஒரு வரிதான் எடம் வுட்டுக்கிறான். இன்னா எழுதட்டும்?"

"நீங்களே சுருக்கமா எழுதுங்க."

சதாசிவம் கொஞ்சம் யோசித்தார். பிறகு ஒவ்வொரு எழுத்தாய் உரக்கப் படித்துக்கொண்டே எழுதினார்.

"மயிருக்குப் பூசறதை... உயிருக்குப் பூசினதால்!"